மஞ்சளாகிப் போன குங்குமம்

22.10.1992, வியாழன்.

தப்பை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று மாலை வகுப்பில் நான் செய்த சோதனை செல்லாது. சுண்ணாம்புப் புட்டியை மூடாமல் வைத்திருந்தேன். திறந்து கிடக்கும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்துக் கடைசியில் வெறும் சாக்கட்டியாகிவிடும். இதைப் போன மாதம் கரும்பலகையில் சமன்பாட்டோடு எழுதிப் போட்டவனே நான்தான்.

சோதனை எளிதானது. டி.ஏ.பி. உரத்தில் அம்மோனியம் இருக்கிறது. அம்மோனிய உப்போடு காரம் சேர்ந்தால் அம்மோனியா வாயு கிளம்பும். உள்ளங்கையில் நாலு மணி உரம், வெற்றிலைக்குத் தடவுகிற அளவு சுண்ணாம்பு, புகையிலை கசக்குவது போல ஒரு கசக்கு. நல்ல உரமென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கிழக்குத் தெருவில் குத்தகைக்குப் பயிர் செய்யும் பொன்னுத்தாய் அக்கா, தான் வாங்கிய உரம் நல்லதுதானா என்று பார்க்க முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மணிகளைக் கசக்கினேன். ஒரு வாசனையும் வரவில்லை. "போலி" என்று சொல்லிவிட்டேன். நல்லதென்று தெரிந்த ஓர் உரத்தை அதே சுண்ணாம்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. செத்த சுண்ணாம்பில் நல்ல உரமும் மணக்காது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் நேரே உரக்கடைக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். இன்று காலையில் அவருடைய தம்பி பரிதியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு ஜூலியட் ஓடிவந்து இதைச் சொன்னபோது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஜூலியட் என் மாலை வகுப்பில் படிப்பவள். பாபநாசத்தில் மாதா கோவில் கூடத்தில், பத்தாவதில் தவறியவர்களுக்கு நான் வேதியியல் நடத்துகிறேன். பகலில் நான் ஜெராக்ஸ் எடுக்கிறேன், அவள் தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். பால்காரர் பாலில் மாவு கலந்ததைப் போன கோடையில் இரண்டு பேரும் கண்டுபிடித்ததிலிருந்து ஊரில் யாருக்காவது எதிலாவது சந்தேகம் வந்தால் எங்களிடம் வருகிறார்கள். சுண்ணாம்பு விஷயத்தை அவளிடம் ஒத்துக்கொண்டேன்.

"அப்ப உங்க சுண்ணாம்பும் ஃபெயிலா சார்? எங்க பெஞ்சிலேயே உக்கார வைங்க. இடம் இருக்கு" என்றாள்.

சிரிக்க முடியவில்லை. வெற்றிலைக் கடையில் புதிதாகக் குழைத்த சுண்ணாம்பை வாங்கினேன். தாராசுரத்திலிருக்கும் என் சித்தப்பா தன் வாழைக்குக் கும்பகோணத்தில் வாங்கிய டி.ஏ.பி.யில் ஒரு பிடி என்னிடம் மாதிரிக்கு இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனோம். ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டி இருக்கும் தெரு. அங்கே முக்கால்வாசிப் பேரும் போன தலைமுறை வரை கூலிக்கு நாற்றுப் பறித்தவர்கள். இப்போது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சம்பா போடுகிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய வயல். நட்ட பயிர் வேர் பிடித்து இந்நேரம் கருகருவென்று எழுந்திருக்க வேண்டும். வெளுத்துப்போய், காய்ச்சல்காரன் மாதிரி நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் பண்ணை வீட்டு வயல். ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே வாரத்தில் நடவு, ஒரே கடை உரம். அங்கே பயிர் பச்சை பிடித்து ஆடியது. பொன்னுத்தாய் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

புதுச் சுண்ணாம்பில் சித்தப்பாவின் உரம் கண்ணில் நீர் வரவழைத்தது. பொன்னுத்தாய் வீட்டில் மீதியிருந்த மூட்டையின் உரம் சும்மா கிடந்தது. அதன் கரைசலில் ஒரு நீல லிட்மஸ் தாளைத் தோய்த்தேன். சிவந்தது. அமிலம். டி.ஏ.பி. இப்படிச் செய்யாது. சூப்பர் பாஸ்பேட் செய்யும். விலை குறைந்த, தழைச்சத்தே இல்லாத சூப்பருக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி டி.ஏ.பி. சாக்கில் அடைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட்டில் அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபின் டி.ஏ.பி. விலை எங்கேயோ போய்விட்டது. திருட்டுக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

நேற்றைய முடிவு சரி, வழிதான் தப்பு என்றாகிவிட்டது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. சாக்கின் வயிற்றில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. அதைப் பார்த்தேன், மஞ்சள் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

சிக்கல் பரிதியால்தான். பரிதி அந்த உரக்கடையிலேயே மூட்டை ஏற்றி இறக்குபவன். அக்கா வீட்டு மூட்டைகளை டயர் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவனும் அவன்தான். கடைக்காரர் தியாகேசன் போலீஸில் சொன்னது இதுதான்: என் கடையில் இருப்பது எல்லாம் நல்ல சரக்கு, வழியில் பரிதி மாற்றிவிட்டான், நல்லதை வெளியே விற்றுவிட்டு அக்காவையே ஏமாற்றிவிட்டான். பரிதிக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை இரவு வண்டியில் மெட்ராஸ் போயாக வேண்டும். திருட்டு வழக்கு ஒன்று பதிவானால் குவைத் இல்லை.

தியாகேசன் ஒரு வழியும் சொல்லி அனுப்பியிருந்தார். கடையின் சரக்கில் குறையில்லை என்று எழுதிய தாளில் பொன்னுத்தாய் கையெழுத்துப் போட்டால் அவர் பரிதி மேல் எழுத்தில் புகார் கொடுக்க மாட்டார். பதினோரு மணிக்குக் கடைக்கு வர வேண்டும். சப்-இன்ஸ்பெக்டரும் வருவார். தன் சரக்கை எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டவும் அவர் தயார்.

"போட்டுடறேன் தம்பி. பயிர் போனா அடுத்த போகம் பாத்துக்கலாம். அவன் போகணும்" என்றார் பொன்னுத்தாய். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கையெழுத்து விழுந்தால் இந்தத் தெருவில் இனி யாரும் வாய் திறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். சோதனை முடியும்வரை பேனாவைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

தியாகேசன் கடை கடைத்தெரு முனையில் இருக்கிறது. முன்னால் கல்லாவும் தராசும், பின்னால் கிடங்கு. ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரமாகியும் தோரணத்தை எடுக்கவில்லை. வாசலில் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். செவ்வாய்தோறும் மாற்றுவார்களாம். "என்ன சார், குங்குமம் வெளுத்திருக்கு. எலுமிச்சம்பழத்துக்கு மஞ்சக்காமாலை போல" என்று ஜூலியட் முணுமுணுத்தாள். நான் வாயை மூடச் சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அஹமது கபீர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவசரக்காரர், ஆனால் சொன்னதைக் கேட்கிறவர் என்று பெயர். பரிதி சுவரோரம் குத்துக்காலிட்டிருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று கேட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் தெருப் பக்கம் பார்த்தார். பொன்னுத்தாய் தம்பியின் கன்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரே போய்ப் பேனா வைத்திருந்த மேசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"வாங்க வாத்தியாரே. சுண்ணாம்பு நீங்க கொண்டுவந்தீங்களா, என்னுது போதுமா?" என்றார் தியாகேசன். நெற்றியில் பட்டையும் குங்குமமும். சிரித்த முகம். வெற்றிலைப் பெட்டியிலிருந்து தன் சுண்ணாம்பு டப்பியை எடுத்து நீட்டினார். கிடங்கில் நுழைந்ததும் முதலில் நின்ற மூட்டையைத் தானே பிரித்து என் கையில் ஒரு பிடி கொட்டினார்.

கசக்கினேன். முகத்துக்குக் கொண்டுபோகக்கூட வேண்டியிருக்கவில்லை. நெடி குப்பென்று அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் இருமினார். தியாகேசன் அடுத்த மூட்டையையும் பிரித்தார். அதுவும் அப்படியே. நல்ல, சுத்தமான, முதல்தர டி.ஏ.பி.

பிறகு பொன்னுத்தாய் வீட்டு மணிகளை அதே டப்பிச் சுண்ணாம்பில் கசக்கச் சொன்னார். கசக்கினேன். ஒன்றுமில்லை.

"போதுமா சார்? என் கடையில இருக்கிறது நல்லது. அவங்க வீட்டுல இருக்கிறது கெட்டது. நடுவுல வண்டி ஓட்டினது யாரு?" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

என் சோதனையை வைத்தே பரிதியின் கழுத்தில் கயிறு போட்டுவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. பொன்னுத்தாய் திரும்பிப் பேனாவை எடுத்தார். மேசையிலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜூலியட் என் பக்கம் குனிந்து, "சார், அந்தாளு கண்ணை மூடிக்கிட்டே மூட்டையை எடுத்தான் பாத்தீங்களா? நான் ஊசியில நூல் கோக்கக்கூட அதைவிட யோசிப்பேன்" என்றாள்.

முன்னால் நிற்பது எல்லாம் நல்லதென்று அவருக்கு முன்பே தெரியுமோ? கிடங்கை மறுபடி பார்த்தேன். நடுவில் நடைபாதை. முன்னால் ஓர் அடுக்கு, உள்ளே சுவரோரம் இன்னோர் அடுக்கு. எல்லாச் சாக்கின் வயிற்றிலும் ஒரு பொட்டு. முன்னடுக்கில் சிவப்பு. உள்ளடுக்கில், அரையிருட்டில், மஞ்சள். நான் காலையில் பார்த்த அதே மஞ்சள்.

எனக்குச் சந்தேகம் வந்தது, பயமும் வந்தது. நேற்றுத்தான் அவசரப்பட்டு ஒருவனை மாட்டிவிட்டேன். இன்னொரு முறை நான் தவறினால் அவனுக்குத் திரும்ப வழியில்லை. அதனால் கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டேன். ஆயுத பூஜைக்கு முன்னடுக்குக்குக் குங்குமமும் உள்ளடுக்குக்கு மஞ்சளுமாக வைத்தீர்களா என்றேன்.

தியாகேசனுக்கு அது அவமானமாகப் பட்டுவிட்டது. சரக்கும் தொழிலும் லட்சுமி, அதில் மஞ்சள் மட்டும் வைத்துக் குறை வைக்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாதாம். எல்லா மூட்டைக்கும் அவரே தன் கையால் குங்குமம் வைத்தாராம். அதுவும் கடையில் விற்கும் சாயக் குங்குமம் இல்லை. மஞ்சளைச் சுண்ணாம்பில் பிசைந்து, நிழலில் காயவைத்து, அவர் வீட்டிலேயே வருஷா வருஷம் செய்வது. "அதே குங்குமம்தான் என் நெத்தியில இருக்கு" என்று தொட்டுக் காட்டினார்.

அதைத்தான் நான் கேட்க விரும்பினேன்.

சப்-இன்ஸ்பெக்டரைக் கிடங்குக்குள் கூப்பிட்டேன். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று சொன்னேன். சுண்ணாம்பு காரம். அதனால்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமம். அந்தச் சிவப்பில் அமிலம் பட்டால் அது மறுபடி மஞ்சளாகிவிடும். வாசல் எலுமிச்சம்பழத்தில் வைத்த குங்குமம் வெளுத்ததும் அதனால்தான். ஜூலியட் கல்லாவுக்கு மேலே கட்டியிருந்த திருஷ்டிக் கயிற்றிலிருந்து ஒரு பழத்தைக் கேட்காமலே அறுத்துக்கொண்டுவந்தாள். முன்னடுக்கில் ஒரு சிவப்புப் பொட்டின் மேல் இரண்டு சொட்டுப் பிழிந்தேன்.

பொட்டு மஞ்சளாயிற்று.

உள்ளடுக்கு மூட்டைகளில் யாரும் எலுமிச்சம்பழம் பிழியவில்லை என்றேன். ஐப்பசி ஈரத்தில் சாக்குக்குள்ளிருந்தே அமிலம் கசிந்து வெளியே வந்திருக்கிறது. டி.ஏ.பி.யிலிருந்து அமிலம் கசியாது. அந்த மூட்டை ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தியாகேசன் நடைபாதையில் வந்து குறுக்கே நின்றார். பிரித்த மூட்டையை யார் வாங்குவார்கள் என்றார். முன்னால் இரண்டு மூட்டையைத் தானே பிரித்ததை மறந்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் அதை ஞாபகப்படுத்தவில்லை. தள்ளி நிற்கும்படி கையை மட்டும் அசைத்தார். ஜூலியட் இடுப்பில் செருகியிருந்த தையல் கத்தரியை எடுத்தாள். சாக்கின் வாயைப் பிரித்துவிட்டு, "அளவு ஜாக்கெட் எல்லாம் வேணாம் முதலாளி, கண்ணளவே போதும்" என்றாள்.

அதே டப்பி, அதே சுண்ணாம்பு, அதே கை. கசக்கினேன். என் கையைச் சப்-இன்ஸ்பெக்டரின் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மண் வாசனை மட்டும்தான்.

தியாகேசன் பிரித்த சாக்கைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். கம்பெனிக்காரன் தன்னையும் ஏமாற்றிவிட்டான் என்றார். லாரியில் வந்ததை இறக்கி வைத்தேன், எனக்கு என்ன தெரியும், நானும் பாதிக்கப்பட்டவன் என்றார். கண்ணைக்கூடத் துடைத்தார். சப்-இன்ஸ்பெக்டரின் முகம் இளகுவதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. கோபத்தில் என் குரல் கீச்சிடும், அது எனக்கே பிடிக்காது. பரவாயில்லை என்று பேசினேன்.

"லாரியில கலந்து வந்திருந்தா பொட்டும் கலந்துல்ல இருக்கணும், சார்? ஒண்ணு சிவப்பு, ஒண்ணு மஞ்சள்னு. இங்க கோடு கிழிச்ச மாதிரி நிக்குது. முன்னாடி பூரா சிவப்பு, உள்ள பூரா மஞ்சள். கம்பெனியா வந்து அடுக்கி வச்சுட்டுப் போச்சு?"

சுவரோரம் இருந்த பரிதி எழுந்தான். அதுவரை அவன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"முன்னடுக்கு பண்ணை வீடுங்களுக்கு. உள்ளடுக்கு எங்க தெருவுக்கு" என்றான். "ஏத்தும்போது அவர்தான் கையைக் காட்டுவார். பழைய சரக்கை எங்க தலையில கட்டுறார்னுதான் நெனச்சேன். நானே ஏத்தி, நானே எங்க அக்கா வீட்டுல இறக்கினேன், சார்."

பண்ணை வயலின் பச்சையும் இந்தப் பக்கத்து வெளுப்பும் எனக்கு அப்போதுதான் புரிந்தன. அவர் எல்லாரையும் ஏமாற்றவில்லை. யார் கேள்வி கேட்பார்கள், யார் கேட்டால் செல்லாது என்று பார்த்துப் பிரித்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பக்தியோடு பொட்டு வைத்திருக்கிறார்.

பொன்னுத்தாய் தியாகேசனுக்கு எதிரே போய் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எங்க காசுக்கும் அதே விலைதானே வாங்கினீங்க" என்றார். பிறகு மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்த தாளை எடுத்து, அதைக் கிழிக்காமல், மடித்துச் சப்-இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தார். இதை எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் கிடங்கைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பரிதி மேல் எதுவும் இல்லை, போகலாம் என்றார். ஆனால் போலி உரம் என்று வழக்குப் போட அவருடைய மூக்கு போதாது. வேளாண்மை அலுவலர் வந்து முறைப்படி மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நாளை காலையில் அவர் வருவார். பரிதியின் வாக்குமூலத்தை இப்போதே எழுதி வாங்கிக்கொள்வதாகவும், ஆனால் சாட்சி ஊரிலேயே இருந்தால் வழக்குக்குப் பலம் என்றும் சொன்னார்.

பரிதி தலையைக் குனிந்துகொண்டு, குவைத் வேண்டாம், இருந்துவிடுகிறேன் என்றான். அவன் குரலில் ஒரு வெறி இருந்தது. வீங்கிய கன்னத்தோடு அவன் தியாகேசனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவேளை அவன் இருப்பதுதான் சரி என்று எனக்கும் தோன்றியது. நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை.

"நீ போற" என்றார் பொன்னுத்தாய். "உன்னைப் போக விடாம பண்ணத்தான் இவ்வளவும். நீ இருந்தீன்னா அவர் நெனச்சது நடந்த மாதிரி. மூட்டை என் வீட்டுல கிடக்கு, பயிர் என் வயல்ல நிக்குது. சாட்சி நான். நான் எங்கயும் போகல."

பரிதி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவோடு நடந்தான்.

நாங்கள் படியிறங்கும்போது தியாகேசன் பின்னால் வந்தார். சிரிப்பு திரும்பியிருந்தது. வேளாண்மை அலுவலர் தனக்கு வேண்டியவர், வாரம் தவறாமல் வந்து காப்பி சாப்பிட்டுப் போகிறவர் என்று மெதுவாகச் சொன்னார். "மாதிரின்னா ஒரு மூட்டையிலேருந்துதான் எடுப்பாங்க வாத்தியாரே. எந்த மூட்டைன்னு சட்டத்துல எழுதியிருக்கா?"

அலுவலருக்குக் கொடுக்கும் காப்பி முன்னடுக்குச் சரக்கா உள்ளடுக்குச் சரக்கா என்று அவரிடமே விசாரிப்பதாக ஜூலியட் சொன்னாள். இன்று மாலை வகுப்பில் அமிலம், காரம் நடத்தினேன். சொல்லும்போது இரண்டு இடத்தில் குரல் கீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

நாளை: ஜெராக்ஸ் கடைக்கு விடுப்பு சொல்ல வேண்டும். வேளாண்மை அலுவலகம் திறக்கும் முன்பே பொன்னுத்தாய், ஜூலியட், கிழக்குத் தெருவிலிருந்து வரக்கூடிய எல்லாரோடும் வாசலில் நிற்க வேண்டும். அலுவலரோடு கூடவே கிடங்குக்குள் போக வேண்டும். முன்னடுக்கில் கை வைக்க விடக்கூடாது.